கோபி பிரையன்ட்டின் சரிவு: குதிங்காலில் மட்டும் தேடினால் கிடைக்காது

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டின் ஆட்டம் எதனால் சரிந்தது என்று வேலூரில் கூடைப்பந்து ஆடுகிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "குதிங்கால் ஜவ்வு அறுந்துச்சுணா, அதோட முடிஞ்சுது." சத்துவாச்சாரியில் கேட்டாலும் சரி, காட்பாடியில் கேட்டாலும் சரி. பதில் பொய்யில்லை. ஆனால் பாதிக்கும் குறைவான உண்மை. பிசியோதெரபி பார்ப்பவன் என்ற முறையிலும், முப்பத்தைந்து தாண்டியவர்களின் மாலை ஆட்டத்தைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையிலும் இந்த ஒரு வழக்கை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எல்லா எண்களும் வெளிப்படையாகக் கிடைக்கிற ஆட்டக்காரர் அவர். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கி, நாற்பது வரை துறை அணிக்கு ஆடி, முட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய கால் போனது, கை போகவில்லை. கால் போன பிறகும் ஆட்டத்தில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. நாம் சரிவு என்று பார்த்தது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்.

வழக்கின் சுருக்கம்

பிறப்பு 23 ஆகஸ்ட் 1978. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கல்லூரி ஆட்டம் ஆடாமலே, 1996-ல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குள் வந்தவர். இருபது பருவங்களும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி ஒன்றுக்குத்தான். ஐந்து சாம்பியன் பட்டம் (2000, 2001, 2002, 2009, 2010). 2008-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 22 ஜனவரி 2006 அன்று டொரான்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி.

2012-13 பருவத்தில், 34 வயதில், ஆட்டத்துக்கு 27.3 புள்ளி எடுத்தார். எறிந்ததில் 46.3 சதவீதம் உள்ளே போனது. அந்தப் பருவத்தின் கடைசியில், 12 ஏப்ரல் 2013 அன்று, இடது குதிங்கால் தசைநாண் அறுந்தது. அதன் பின் மூன்று பருவங்கள் ஆடினார். முதலாவதில் ஆறே ஆட்டம். இரண்டாவதில் 35 ஆட்டம், 22.3 புள்ளி, 37.3 சதவீதம். கடைசியில் 66 ஆட்டம், 17.6 புள்ளி, 35.8 சதவீதம். வாழ்நாள் சராசரி 44.7 சதவீதமாக இருந்த ஒருவருக்கு இது பெரிய வீழ்ச்சி.

அறுவதற்கு முன்னால்

குதிங்கால் மேல் பழியைப் போடுபவர்கள் பார்க்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான்.

பதினெட்டு வயதில் தொடங்கியதால், 34 வயதில் அவர் உடம்பில் பதினேழு பருவங்களின் உழைப்பு ஏறியிருந்தது. பிளேஆஃப் (பருவம் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) ஆட்டங்களையும் சேர்த்தால் 54,000 நிமிடங்களுக்கு மேல். 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை இறுதிச் சுற்று, அதாவது மூன்று முறையும் ஜூன் வரை ஆட்டம். 2008-லும் 2012-லும் கோடை ஓய்வுக்குப் பதிலாக ஒலிம்பிக்ஸ். வயதைக் கேட்பதைவிட ஓடிய தூரத்தைக் கேட்பது நல்லது என்று பழைய பஸ் வாங்குபவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம்.

வலது முட்டியில் பல முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2010-11 பருவத்தில் முட்டிக்காக அவர் நிமிடங்களைக் குறைத்தார்கள்; ஆட்டத்துக்கு 33.9 நிமிடம்தான். 2011-ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகருக்குப் போய், தன் ரத்தத்தையே எடுத்துப் பக்குவப்படுத்தி மூட்டுக்குள் ஊசியாகப் போடுகிற சிகிச்சையை எடுத்துக்கொண்டார். முட்டி தேறியது என்று அவரே சொன்னார். அப்புறம் என்ன நடந்தது? அடுத்த பருவம் அவர் ஆடியது 38.5 நிமிடம், அதற்கடுத்தது 38.6. முட்டி தேறியதால் மிச்சமான உடம்பை எதிர்காலத்துக்கு எடுத்து வைக்கவில்லை, உடனே செலவழித்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் கூடுவது சின்ன விஷயமில்லை.

என் அனுபவத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். வலி குறைந்த முதல் வாரமே ஆட்கள் ஃபுல் கோர்ட் ஆட இறங்கிவிடுவார்கள். வலி போய்விட்டது என்பதை வலு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2013 ஏப்ரலில் லேக்கர்ஸ் பிளேஆஃப் இடத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த ஆட்டங்களில் அவர் 40 நிமிடங்களுக்கு மேல் ஆடினார். 10 ஏப்ரல் அன்று போர்ட்லாந்தில் 48 நிமிடமும், அதாவது ஒரு நொடிகூட வெளியே உட்காராமல், ஆடி 47 புள்ளி எடுத்தார். இரண்டே நாள் கழித்து கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக, பந்தோடு புறப்பட இடது காலை ஊன்றி உந்தியபோது தசைநாண் அறுந்தது. யாரும் இடிக்கவில்லை, வழுக்கவும் இல்லை.

குதிகால் எலும்புக்கு இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதிதான் இந்தத் தசைநாணில் பெரும்பாலும் அறுகிற இடம். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. வயதோடு நார்களின் மீள்தன்மையும் குறையும். அன்றாட ஓட்டத்தில் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் ஆற நாள் வேண்டும். ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்தால் அவை சேர்ந்துகொண்டே போகும். அந்த இரண்டு நாள் இடைவெளிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பருவத்தில் அவர் கால்களுக்கு ஆறுவதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்பதை அட்டவணையே சொல்கிறது.

அதே கால், அடுத்த முறிவு

மறுநாளே அறுவை சிகிச்சை. 8 டிசம்பர் 2013 அன்று, அதாவது எட்டு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், திரும்ப ஆட வந்தார். ஆறாவது ஆட்டத்தில், 17 டிசம்பர் அன்று மெம்ஃபிஸில், இடது முட்டிக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்தட்டில் முறிவு. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அந்தப் பருவம் அதோடு போயிற்று.

அறுந்ததும் இடது கால், முறிந்ததும் இடது கால். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தைத்த தசைநாண் சில சமயம் பழைய நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டே ஆறும். நீண்ட தசைநாணில் கெண்டைக்கால் தசை முழு வேகத்தில் இழுக்க முடியாது. உந்தல் குறையும், இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதும் குறையும். கெண்டைக்கால் தாங்காததை முட்டி தாங்க வேண்டும். இந்தத் தசைக் குறைவு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. எட்டு மாதத்துக்குள் என்.பி.ஏ. வேகத்துக்கு அந்தக் கால் தயாராக இருந்ததா என்பது நியாயமான சந்தேகம்.

பிறகு 2015 ஜனவரியில் வலது தோள்பட்டைத் தசைநாண் கிழிந்தது. எறிகிற கை. அன்றும் அவர் வெளியே போகவில்லை, இடது கையால் ஆடினார். மூன்று ஆண்டில் மூன்று பருவம் முடியும் முன்பே காயத்தால் நின்றது.

எண்கள் சொல்வது

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவை எறிய ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், மறிப்பவரும் இல்லை. கை, கண், நிதானம் மூன்றும் போதும். கோபியின் ஃப்ரீ த்ரோ 2012-13-ல் 83.9 சதவீதம். 2014-15-ல் 81.3. கடைசிப் பருவத்தில் 82.6. கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆட்டத்தில் எறிந்தது மட்டும் 46.3-லிருந்து 35.8-க்கு இறங்கியது. ஆக, கை மறக்கவில்லை, பதற்றம் வந்து கை நடுங்கவும் இல்லை. காலைத் தேவையாக்கும் எறிதல்கள்தான் கெட்டன.

குதித்து எறிகிற பந்துக்கு விசை கீழிருந்துதான் வருகிறது. கால் சோர்ந்தால் பந்து ரிங்கின் முன் விளிம்பில் முட்டி விழும். வயதில் முதலில் இளைப்பது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். நெடுநேரம் ஓடுகிற திறன் நாற்பதிலும் தாக்குப்பிடிக்கும். திடீரென்று புறப்படுவது, நின்ற இடத்தில் எம்புவது ஆகியவை அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கும். மறிப்பவரைத் தாண்ட அரை அடி தேவைப்படுகிற விளையாட்டில் அந்த அரை அடி போவதுதான் முதல் நஷ்டம்.

இன்னொரு எண்ணும் இதையே உறுதிப்படுத்துகிறது. 2012-13-ல் ஆட்டத்துக்கு 8 ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கடைசிப் பருவத்தில் அது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. ரிங்கை நோக்கி வெட்டிக்கொண்டு நுழைபவருக்குத்தான் பெரும்பாலும் ஃபவுல் கிடைக்கும். அவரால் நுழைய முடியவில்லை. அதே சமயம் மூன்று புள்ளி முயற்சி ஆட்டத்துக்கு 5 சொச்சத்திலிருந்து 7-க்கு ஏறியது, உள்ளே போனதோ 28.5 சதவீதம்தான். உள்ளே போக முடியாதவர் வெளியே நின்று எறிகிறார். ஆனால் வெளியிலிருந்து எறிவதற்குத்தான் கால் இன்னும் அதிகமாக வேண்டும். மாட்டிக்கொண்டார் என்று சொல்வதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை.

மனம்

இங்கே ஒரு கணக்கு. 2012-13-ல் அவர் ஆட்டத்துக்கு 20.4 முறை எறிந்தார், 38.6 நிமிடத்தில். இரண்டு காயங்களுக்குப் பிறகு, 2014-15-ல், எத்தனை முறை எறிந்தார் தெரியுமா? அதே 20.4. நிமிடம் மட்டும் 34.5. அதாவது, கால் குறைந்த பிறகு நிமிடக் கணக்கில் அவர் அதிகமாக எறிந்திருக்கிறார். இதற்கு எந்தத் தசையும் காரணமாக முடியாது. முடிவெடுத்தது மனம்.

ஏன்? ஒரு காரணம் அவருடைய வரலாறே. எறிந்து எறிந்துதான் அவர் வென்றிருந்தார். தவறியதை எண்ணாமல் அடுத்ததை எறிவதுதான் அவரை 81 புள்ளிக்குக் கொண்டுபோனது. 2014 நவம்பரில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிக எறிதல்களைத் தவறவிட்டவர் ஆனார். அடுத்த மாதமே மொத்தப் புள்ளியில் மைக்கேல் ஜோர்டனைத் தாண்டினார். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே.

இரண்டாவது, அடையாளம். 1993-ல் பிரிட்டன் புரூயர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும், ஒருவர் தன்னை எந்த அளவுக்கு ஆட்டக்காரராக மட்டுமே பார்க்கிறார் என்பதை அளக்க ஒரு அளவுகோல் தந்தார்கள். அந்த அளவு அதிகமாக உள்ளவர்களுக்கு இளமையில் அது பலம். காயத்திலும் ஓய்விலும் அதுவே சுமை. கோபி தனக்குத்தானே 'பிளாக் மாம்பா' என்று பெயர் வைத்துக்கொண்டவர். விடிகாலை நாலு மணிப் பயிற்சிக்குப் பெயர் போனவர். தசைநாண் அறுந்த அன்றைய இரவே ஃபேஸ்புக்கில் ஆத்திரமும் சந்தேகமும் கலந்து நீளமாக எழுதி, முடிக்கும்போது திரும்பி வருவேன் என்ற பிடிவாதத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரே பதிவில் மனிதர் முழுதும் தெரிகிறார்.

அறுந்த காலோடு நடந்துபோய் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்ட காட்சி எல்லோர் போனிலும் இருக்கிறது. எங்கள் பையன்கள் அதை வீரமாகப் பார்க்கிறார்கள். எனக்கும் பார்த்தால் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அது ஒரு அறிகுறி. முட்டி முறிந்த அன்றும், தோள் கிழிந்த அன்றும் அவர் அதையேதான் செய்தார். வலி சொல்வதைக் கேட்கிற பழக்கத்தை இருபது ஆண்டுகளில் அவர் தனக்குள் அழித்திருந்தார்.

மூன்றாவது, சுற்றியிருந்தவர்கள். இன்னும் கோர்ட்டுக்கே திரும்பாத நிலையில், 2013 நவம்பரில், அணி அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 48.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அணியின் மற்ற பெரிய ஆட்டக்காரர்களில் டுவைட் ஹோவர்ட் அந்தக் கோடையிலேயே போய்விட்டார், அடுத்த கோடையில் பாவ் கசோலும் போனார். இவ்வளவு சம்பளம் வாங்குபவர், துணைக்கு யாரும் இல்லாத அணியில், நான் கொஞ்சம் ஓரமாக நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வார்? 2014 டிசம்பரில் களைப்புக்காக அவரைச் சில ஆட்டம் உட்கார வைத்தார்கள். அவர் இல்லாமலே 23 டிசம்பர் அன்று கோல்டன் ஸ்டேட்டை, அந்தப் பருவத்தின் சாம்பியன் ஆகப்போகிற அணியை, லேக்கர்ஸ் வென்றது. ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் பந்து நாலு பேர் கையில் சுற்றினால் என்ன ஆகும் என்று அன்று கொஞ்சம் தெரிந்தது.

பாகாயத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் தெரியும். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே நினைவுக்கு வருவார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையையே இங்கே கட்டினார். அவர் இழந்ததோடு ஒப்பிட்டால் கூடைப்பந்துக் காயம் ஒன்றுமில்லை, ஒப்பிடுவதும் சரியில்லை. அவரைக் குறிப்பிடுவது ஒரே காரணத்துக்காக: உடம்பு ஒரு வேலையை மறுத்தபோது, அவர் அதே மருத்துவத்துக்குள் தன் வேலையை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் கோபிக்கு 2015 நவம்பர் வரை நடக்கவில்லை.

அந்த மாதம் எறிந்ததில் மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 24 நவம்பர் அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 14 எறிந்து ஒன்று மட்டும் போட்டார். 29 நவம்பர் அன்று இதுவே கடைசிப் பருவம் என்று அறிவித்தார். அதன் பிறகு அவர் எறிதல் கொஞ்சம் தேறியது. பிப்ரவரியில் மின்னசோட்டாவுக்கு எதிராக 38 புள்ளிகூட எடுத்தார். கால் இரண்டு வாரத்தில் இளமையாகிவிடவில்லை. நிரூபிக்க வேண்டிய பாரம் இறங்கியது என்றுதான் நான் வாசிக்கிறேன். வேறு மாதிரி வாசிக்கவும் இடமுண்டு.

மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால்

குதிங்கால் அறுந்தால் எல்லாமே முடிந்துவிடும் என்றால் டொமினிக் வில்கின்ஸ் முடிந்திருக்க வேண்டும். 1992 ஜனவரியில், 32 வயதில் அவருக்கு அறுந்தது. அடுத்த பருவம் ஆட்டத்துக்கு 29.9 புள்ளி. கெவின் டுரான்ட்டுக்கு 2019 ஜூனில், 30 வயதில். அவர் பதினெட்டு மாதம் பொறுத்து வந்தார் (ஒரு பங்கு கொரோனா தந்த அவகாசம்), வந்து 26.9 புள்ளி எடுத்தார். அறுந்தபோது இருவருக்கும் கோபியைவிட வயது குறைவு, உடம்பில் ஓட்டமும் குறைவு.

எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுவது டிம் டங்கன். கோபியைவிட இரண்டு வயது மூத்தவர், அதே 2016-ல் ஓய்வு பெற்றவர். 2013-14-ல் அவர் ஆடியது ஆட்டத்துக்கு 29.2 நிமிடம். அந்தப் பருவம் சான் அன்டோனியோ அணியில் ஒருவர்கூட சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. 38 வயதில் அவர் சாம்பியன். டங்கன் உயரமான உள் ஆட்டக்காரர், கோபி வெளியிலிருந்து வெட்டி நுழைபவர். கால் தேய்மானம் ஒன்றல்ல. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், டங்கனுக்குப் பங்கைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த அணியும் பயிற்சியாளரும் இருந்தார்கள்.

"அப்போ கடைசி ஆட்டத்துல 60 பாயின்ட் எப்படிணா?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். 13 ஏப்ரல் 2016. 42 நிமிடம், 50 எறிதல், அதில் 22 உள்ளே. மூன்று புள்ளியில் 21-க்கு 6. ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. எதிரணி யூட்டாவுக்கு அன்று பிளேஆஃப் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. லேக்கர்ஸ் 17 வென்று 65 தோற்ற பருவம் அது, இழக்க ஒன்றுமில்லை. எல்லாப் பந்தும் அவரிடமே வந்தது. அற்புதமான இரவுதான். ஆனால் மருத்துவக் குறிப்பாக அது சொல்வது, கை கடைசி வரை இருந்தது என்பதைத்தான். பிறகு அவர் ஒரு குறும்படத்துக்கு 2018-ல் ஆஸ்கர் வாங்கினார். மகளின் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2020 ஜனவரியில் அந்த ஹெலிகாப்டர் விபத்து இருவரையும் கொண்டுபோய்விட்டது.

இங்கே என்ன செய்கிறோம்

நம் ஊரில் பெரும்பாலும் சிமென்ட் தரை. மரத்தளம் அதிர்ச்சியைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளும், சிமென்ட் அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். மே மாதத்தில் மாலை ஆறு மணிக்கும் தரை கொதிக்கும். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய் ஆடுபவர்கள்தான் அதிகம்.

அதனால் முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மூன்று விஷயம் வைத்திருக்கிறோம். ஆட்டத்துக்கு முன் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்கிறோம். ஒரு கால் மறு காலைவிடச் சீக்கிரம் களைத்தால் அன்று ஃபுல் கோர்ட் கிடையாது, அரை கோர்ட்தான். தொடர்ந்து இரண்டு நாள் ஆடக் கூடாது. மூன்றாவதாக, ஒரு பையனை உட்கார வைத்து ஒவ்வொருவரும் எறிந்தது, போட்டது, ஃப்ரீ த்ரோ மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்கிறோம். ஃப்ரீ த்ரோ மாறாமல் இருந்து மற்றது இறங்கினால் அவருக்குக் கெண்டைக்கால் பயிற்சியும் ஓய்வும். எறிதல் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சுதான் கஷ்டம். போன பருவத்தில் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். முன்னாள் மாவட்ட அணி ஆட்டக்காரர், நாற்பதை நெருங்குகிறார். "இன்னாணா, என்னைக் கெழவன்னு சொல்றியா?" என்றார். இல்லை, இனிமேல் ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடு, எறிவதைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் வந்தார். இப்போது எறிவதைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போடுகிறார்.